அடுப்படி ஒன்று, ஆட்டுக்கல் இரண்டு

2023 மாசியில் ஒரு நாள் தபாலில் தடித்த உறை ஒன்று வந்தது. ஊரிலுள்ள எங்கள் பெரிய வீட்டின் விற்பனைப் பத்திர வரைவு, பதினெட்டுப் பக்கம். பெரியப்பச்சி மகன் அண்ணன் அனுப்பியிருந்தார். கூடவே ஒரு துண்டுத்தாள்: 'படித்துப் பார்த்துச் சொல். மற்றவர்கள் எல்லோரும் சரி என்றுவிட்டார்கள்.'

வாங்குகிறவர் குடியிருக்க வாங்கவில்லை. பிரித்து விற்க வாங்குகிறார். தூண், கதவு, நிலை, உத்தரம், தளக்கல், ஓடு என்று தனித்தனியாகக் கழற்றி எடுத்தபின் மிஞ்சும் மனையையும் அவரே வைத்துக்கொள்வார். செட்டிநாட்டில் இது இப்போது ஒரு தொழில். நாற்பது ஆண்டுகளாகப் பார்த்துப் பழகியதால் எங்களுக்கு அது ஆச்சரியமும் தருவதில்லை.

பத்திரத் தமிழில் ஒரு வறண்ட அழகு உண்டு. செக்குபந்தி விவரம் சொல்லி, கிழமேல் அடி 200, தென்வடல் அடி 60 என்று அளவு சொல்லி, தேக்குத்தூண் 32, கருங்கல் தூண் 16, சித்திர வேலைப்பாடுள்ள தலைவாசல் நிலை 1 என்று எண்ணிக்கொண்டு போயிருந்தது. நான் பிறந்ததிலிருந்து ஓடித் திரிந்த வீட்டில் நாற்பத்தெட்டுத் தூண்கள் இருந்ததை அந்தப் பத்திரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கடைசிப் பக்கங்களில் பங்குதாரர் பட்டியல். என் பெயருக்கு நேரே 'இருபத்து நான்கில் ஒன்று'. கணக்கு எளிது. கட்டியவருக்கு மூன்று மகன்கள்; அவர்களில் ஒருவரான என் ஐயாவுக்கு நான்கு மகன்கள்; அவர்களில் ஒருவரான என் அப்பச்சிக்கு அண்ணனும் நானுமாக இருவர். 12,000 சதுர அடியில் எனக்கு 500. தூண்களில் இரண்டு. எந்த இரண்டு என்று யோசித்துக்கொண்டு அன்று மாலைவரை உட்கார்ந்திருந்தேன்.

காரைக்குடியிலிருந்து பேருந்தில் அரைமணி நேரம். வீதி தென்வடலாக ஓடும். வீடுகள் கிழக்கோ மேற்கோ பார்த்து நிற்கும். எங்களுடையது கிழக்கு பார்த்தது. முன்வாசல் ஒரு வீதியில், கொல்லைவாசல் அடுத்த வீதியில். தெருவிலிருந்து ஐந்தடி உயரத்தில் தளம். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல்கொண்ட காலத்து அச்சம் இன்னும் போகாததால்தான் நகரத்தார் வீடுகளை உயர்த்திக் கட்டினார்கள் என்று எங்கள் பக்கம் சொல்லுவார்கள். ஆண்டில் பாதி நாள் தண்ணீருக்கு ஏங்கும் சீமையில் வெள்ளத்துக்குப் பயந்து வீடு கட்டினார்கள் என்பதைச் சிறுவயதில் நம்பினேன். இப்போது, தெருவில் போகிறவன் அண்ணாந்து பார்க்கவேண்டும் என்ற ஆசைக்கும் அதில் பங்கு இருக்கும் என்று தோன்றுகிறது.

படியேறினால் முகப்பு. இருபுறமும் திண்ணைகள். திண்ணை நடுவில் தலைவாசல் நிலை. நிலையின் மேல் கஜலட்சுமி, அவளைச் சுற்றிக் கிளிகளும் கொடிகளும். நிலையைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், நான்கு பக்கமும் தாழ்வாரம், தாழ்வாரத்தைத் தாங்கும் தேக்குத் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் இருபுறமும் நான்கு நான்காக எட்டு இரட்டை அறைகள். அதைத் தாண்டினால் கருங்கல் தூண்கள் நிற்கும் இரண்டாங்கட்டு. அதற்கும் அப்பால் அடுப்படி, கிணறு, கொல்லை. வாசல்கள் அனைத்தும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டால் முகப்பில் நிற்பவருக்கு இருநூறடி தள்ளிக் கொல்லைவாசலில் ஒரு சிறு செவ்வக வெளிச்சம் தெரியும். சிறுவர்களாக இருந்தபோது ஒருவனை அங்கே நிறுத்தி, அவன் கையசைப்பதை இங்கிருந்து பார்ப்பது ஒரு விளையாட்டு. காற்றும் அதே நேர்கோட்டில்தான் வரும். சித்திரை வெயிலிலும் வளவுத் தாழ்வாரத்தில் விசிறி தேவைப்பட்டதில்லை.

அந்த எட்டு இரட்டை அறைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அறை என்று நாங்கள் சொல்வதில்லை; 'வீடு' என்றுதான் சொல்வோம். பெரியப்பச்சி வீடு, சித்தப்பா வீடு, எங்க வீடு. வீட்டுக்குள் எட்டு வீடு. முன்னால் ஓர் அறை, அதற்குள்ளே இன்னோர் இருட்டறை. மகனுக்குத் திருமணமானால் அவனுக்கும் அவன் மனைவிக்கும் ஒரு 'வீடு' ஒதுக்கி, அரிசி பருப்பு பாத்திரம் கொடுத்து, வேறு வைப்பார்கள். அன்றிலிருந்து அவர்கள் ஒரு புள்ளி. கோயிலுக்குத் தரும் வரியும் புள்ளிக் கணக்கில்தான். ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் உலை தனி, உப்புத் தனி, வரவுசெலவு தனி. கூட்டுக் குடும்பம் என்றாலே ஒரே பானைச் சோறு என்று நினைப்பவர்களுக்கு இது விளங்குவது கடினம். சேர்ந்தும் சேராமலும் இருப்பதற்கு ஒரு சமூகம் கண்டுபிடித்த கட்டட வடிவம் அது. முற்றம் எல்லோருக்கும் பொது. சாவி அவரவர் இடுப்பில்.

அந்த அறைகளில் யாரும் அதிகம் படுப்பதில்லை. காற்றே வராது. பெட்டகங்களும் சீர்ப் பாத்திரங்களும் ஊறுகாய்ச் சாடிகளும் இருக்க, மனிதர்கள் தாழ்வாரத்தில் தூணுக்குத் தூண் பாய் விரித்துப் படுப்பார்கள். இன்று விடுதியாக மாறிய செட்டிநாட்டு வீடுகளில் அந்த அறைகளுக்குக் குளிர்சாதனம் பொருத்திக் கட்டில் போட்டிருக்கிறார்கள். பாத்திரங்கள் இருந்த இடத்தில் பயணிகள் தூங்குகிறார்கள். குறையாகச் சொல்லவில்லை, வீடு நிற்கிறதே.

சுவரைத் தொட்டுப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். கன்னத்தை வைத்தால் குளிரும். சுண்ணாம்பை ஊறவைத்து, மணல் சேர்த்து, செக்கிலிட்டு மாட்டைக் கட்டி அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டுப் பதப்படுத்தி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல பூச்சு பூசுவார்கள். கடைசிப் பூச்சு மாவு போன்ற சிப்பிச் சுண்ணாம்பு. அதில் முட்டையின் வெள்ளைக்கரு சேரும். ஈரம் காயும் முன் வழுவழுப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்கவேண்டும். நூறு ஆண்டுகளாக எங்கள் வளவுச் சுவருக்கு யாரும் வெள்ளையடித்ததில்லை. ஈரத்துணியால் துடைத்தால் போதும். முட்டையைச் சமையலறைப் பக்கமே சேர்க்காத அப்பத்தா, அந்தச் சுவரில்தான் நாள்தோறும் சாய்ந்து உட்கார்ந்து வெற்றிலை போட்டாள் என்பதை அவளிடம் யாரும் நினைவூட்டியதில்லை.

தளத்தில் முகப்புக்கு மட்டும் இத்தாலியப் பளிங்கு. உள்ளே ஆத்தங்குடிக் கல். கண்ணாடிப் பலகையின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, வண்ணச் சாந்தைக் கரண்டியால் அச்சின் கட்டங்களுக்குள் ஊற்றி, அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு ஈரச் சாந்தால் நிரப்பிச் சமன்செய்து, நீரில் ஊறவைப்பார்கள். கண்ணாடியிலிருந்து கழன்று வரும்போது அதன் வழவழப்பு கல்லுக்கு வந்திருக்கும். சூளை கிடையாது, நெருப்புக் கிடையாது. நடக்க நடக்கப் பளபளப்புக் கூடும் என்பார்கள். எங்கள் வீட்டில் அடுப்படியிலிருந்து வளவுக்கு வரும் வழியில் உள்ள கற்கள்தாம் இன்றும் மிகுந்த பளபளப்பு. யார் நடந்தார்கள் என்பது தளத்திலேயே எழுதியிருக்கிறது.

கூரை நாட்டு ஓடு, அடுக்கடுக்காக. நான்கு தாழ்வாரங்களும் முற்றத்தை நோக்கிச் சரியும். மழை பெய்தால் தகரத் தூம்புகள் வழியாக நான்கு மூலைகளிலும் நீர் கொட்டும்; பெண்கள் அண்டாக்களை ஏந்திப் பிடிப்பார்கள். மிஞ்சியது கல்பாவிய முற்றத்தில் விழுந்து, வாய்க்கால் வழியே தெருவுக்குப் போய், ஊருணியில் சேரும். ஊர் முழுவதும் அப்படித் திட்டமிட்டது. 2003ஆம் ஆண்டு தமிழ்நாடு முழுவதும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, எங்கள் ஊரில் பலர் முன்னோர் செய்துவைத்த வாய்க்காலை மண்ணடித்து மூடிவிட்டு, பிளாஸ்டிக் குழாய் வாங்கி மாட்டினார்கள்.

இவ்வளவும் எந்தப் பணத்தில் வந்தது என்று கேட்காமல் அந்த வீட்டைப் பற்றி எழுதமுடியாது. பர்மாப் பணம். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் ஐராவதிச் சமவெளி அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி ஏறியது. காட்டை வெட்டி வயலாக்கக் குடியானவனுக்குக் கடன் வேண்டும். ஆங்கில வங்கிகள் அவனை நேராகத் தொடமாட்டா. இடையில் நின்றவர்கள் எங்களவர்கள். எங்கள் பாட்டையாவின் கடை ஐராவதியின் ஓர் உள்ளூரில் இருந்தது. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை ஆள் மாற்றம். போனவர் திரும்பிவந்து, சில காலம் ஊரில் இருந்து, மறுபடி போவார். வீட்டை 1908இல் தொடங்கி 1926இல் குடிபுகுந்தார்கள். பதினெட்டு ஆண்டு. பணம் வர வரக் கட்டியது. தேக்கு பர்மாவிலிருந்து, இரும்பு உத்தரம் இங்கிலாந்திலிருந்து, நிலைக்கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து, கூலி மட்டும் உள்ளூரிலிருந்து.

மேல்மாடியின் பின்பக்கச் சுவரில் பூச்சு கிடையாது; செங்கல் வெளியே தெரியும். வேலை தெரியாத கொத்தன் விட்டுவிட்டான் போலிருக்கிறது என்று எண்ணியிருந்தேன். அப்பச்சிதான் ஒரு நாள் சொன்னார்: 'அது முப்பதாம் வருஷம்.' உலகப் பொருளாதார மந்தம். நெல் விலை சரிந்து, வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட முடியாத பர்மியக் குடியானவனின் நிலம் கடன்காரனிடம் வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் வசம் இருந்தது ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பங்கு நிலம், 1938இல் இருபத்தைந்து. பணமாகத் திரும்பியிருந்தால் மேல்மாடிக்குப் பூச்சு வந்திருக்கும். நிலமாகத் திரும்பியதால் பூச்சும் வரவில்லை, கொஞ்ச காலத்தில் நிலமும் கையில் நிற்கவில்லை. அந்தச் செங்கல் சுவரைப் பார்க்கும்போது எங்கள் நட்டத்தை நினைத்து வருந்தத்தான் வீட்டில் கற்றுக்கொடுத்தார்கள். ஐராவதிக் கரையில் தன் வயலிலேயே குத்தகைக்காரனாக நின்றவனுடைய வீடு எப்படி இருந்திருக்கும் என்ற கேள்வி எனக்கு நாற்பது வயதுக்குமேல்தான் வந்தது.

1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பானியக் குண்டு விழுந்தது. ஐயா கடைப் பெட்டியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தாமு வழியாக இம்பால், அங்கிருந்து திமாப்பூர். பெரும்பகுதி நடை. ஊருக்கு வந்தபோது வாசலில் நின்றவரை அப்பத்தாவுக்கே அடையாளம் தெரியவில்லை என்பார்கள். அந்தச் சாவியால் திறக்கவேண்டிய பெட்டி ஒருநாளும் அவர் கைக்கு வரவில்லை. 1948இல் பர்மாவில் நிலச் சட்டம் வந்தது. 1963இல் வங்கிகளும் தேசியமயமாயின. ஐயா 1968இல் காலமாகும்வரை முகப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வேறு எந்த வேலையும் அவர் செய்ததாக எனக்கு நினைவில்லை.

ஆண்கள் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை வந்துபோன வீடு அது. கட்டும்போதும் காலியாகத்தான் இருந்தது என்றுகூடச் சொல்லலாம். 'பூட்டிக் கிடக்கிறதே' என்று இன்று நாம் அங்கலாய்க்கும்போது, முன்பு ஏதோ நாள்தோறும் நூறு பேர் புழங்கியதுபோல ஒரு கற்பனை. நூறு பேர் கூடியது கல்யாணத்துக்கும் சாவுக்கும். மற்ற நாட்களில் சில பெண்களும் பிள்ளைகளும் ஒரு கணக்கப்பிள்ளையும்தான். பதினாறு வயதில் அந்த வளவுக்கு வந்த அப்பத்தா, 1991இல் எழுபத்தொன்பது வயதில் போகும்வரை அங்கேயே இருந்தாள். எந்த அறையில் எந்தப் பெட்டி, எந்தப் பெட்டியில் எத்தனை தாம்பாளம், எந்த மழைக்கு எந்த மூலை ஒழுகும் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். ஓட்டை மாற்ற ஆள் கூப்பிடுவதும் அவள்தான், கறையான் ஏறிய கைமரத்தைக் கண்டுபிடிப்பதும் அவள்தான். முகப்பில் சுதையில் எழுதிய விலாச எழுத்துகள் மூன்றும் ஆண்களுடையவை. அவள் பெயர் அந்த வீட்டில் இருந்தது பாத்திரங்களில் மட்டும். சீராக வந்த அண்டா, குண்டான், தூக்கு ஒவ்வொன்றிலும் அவள் தகப்பனார் விலாசத்தோடு பெயர் வெட்டியிருக்கும். அவள் போனபின் பாத்திரங்களைப் பங்கு போட்டார்கள். ஈயம் போனவற்றை எடைக்குப் போட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லா வீட்டிலும் நடந்ததுதான். சென்னை, கோலாலம்பூர், ஹூஸ்டன். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை வந்தவர்கள் ஐந்தாண்டுக்கு ஒரு முறை, பிறகு சாவுக்கு மட்டும். ஒரு தூம்பு உடைந்தால் இருபத்து நான்கு பேரிடம் கேட்கவேண்டும். பதில் வருவதற்குள் சுவர் நனைந்துவிடும். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா இருக்கிறார். அவர் மாமியார் அப்பத்தா காலத்தில் வேலை பார்த்தவர். காலையில் வாசல் தெளித்துக் கோலம், வெள்ளிக்கிழமை வளவைப் பெருக்கி விளக்கு. அவருக்கான மாதச் சம்பளத்தை எங்களுக்குள் பிரித்து அனுப்புவோம். சிலர் அனுப்ப மறப்பார்கள். கோலம் ஒரு நாளும் மறந்ததில்லை.

அடுத்த வீட்டைப் பிரித்தபோது நான் ஊரில் இருந்தேன். முதலில் ஓடு. பிறகு கைமரம், வளை, உத்தரம். போதிகையைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் சாக்கட்டியால் எண் போட்டு, வைக்கோல் வைத்துக் கட்டினார்கள். தூண்கள் கடைசியில். கட்டியவர்கள் எந்த வரிசையில் கட்டினார்களோ அதற்கு நேர் எதிர் வரிசை. அந்த அளவில் பிரிப்பவர்களும் கைதேர்ந்த தச்சர்கள்தான். ஒரு வாரத்தில் கூரை இல்லை, ஒரு மாதத்தில் வீடு இல்லை. அது மறைத்துக்கொண்டிருந்த எங்கள் வடக்குச் சுவரை அன்றுதான் முதன்முதலாக முழு வெளிச்சத்தில் பார்த்தேன். வெறும் செங்கல். பாட்டையா, பிறர் கண்ணில் படும் பக்கத்துக்கு மட்டும்தான் முட்டைப் பூச்சு பூசியிருக்கிறார். வட்டித் தொழில் செய்தவரின் சிக்கனம்! அவர் மேல் எனக்கு உண்மையில் ஒரு பாசம் வந்தது அந்த ஒரு சமயத்தில்தான். பிரித்த தூண்களில் சில காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் நின்றதைப் பிறகு பார்த்தேன். எந்த நட்சத்திர விடுதியின் வரவேற்பறைக்குப் போயினவோ.

2014இல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்தியா சேர்த்தது. எங்களுக்குள் வாழ்த்துச் செய்திகள் பறந்தன. அந்தப் பட்டியலால் ஒரு கைமரத்தைக்கூடக் காப்பாற்ற முடியாது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

என் மறுமொழியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். விற்கக்கூடாது என்று எழுதத் துணிவில்லை. பழுது பார்க்கும் செலவில் என் பங்கைக் கணக்குப் போட்டால் தூக்கம் வராது. அதற்குள் வாங்குகிறவரின் வக்கீலே முட்டுக்கட்டை போட்டார். பெண்கள் கையெழுத்து எங்கே என்றார். ஐயா இறந்தது 1968இல். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய பங்கில் மகளுக்கும் உரிமை உண்டு. ஆனால் அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு, குடியிருக்கும் வீட்டைப் பிரித்துத் தரும்படி மகள் கேட்கமுடியாது என்றது. ஆண் வாரிசுகளாகப் பார்த்துப் பிரித்தால்தான் உண்டு. 2005 திருத்தத்தில் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டார்கள். மகளும் பிறப்பாலேயே பங்குதாரர் என்றும் ஆக்கினார்கள். அப்பச்சி இறந்தது 2011இல். ஆகவே என் ஆச்சியும் (அக்காவை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) எங்களுக்குச் சமம். வக்கீல் ஒரு தாளில் கணக்குப் போட்டு அனுப்பினார். என் பங்கு எழுபத்தைந்தில் இரண்டு. ஆச்சிக்கும் எழுபத்தைந்தில் இரண்டு. தேவகோட்டையில் இருக்கும் அயித்தைக்கு எழுபத்தைந்தில் ஒன்று. என் ஐந்நூறு சதுர அடி ஒரே நாளில் முந்நூற்றிருபது ஆகிவிட்டது. சமத்துவத்தைப் பற்றி நான் மேடையில் பேசியிருக்கிறேன். அந்தத் தாளைப் பார்த்தபோது மனத்தில் முதலில் எழுந்தது சமத்துவ உணர்ச்சி இல்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பங்குனியில் ஆச்சியும் நானும் தேவகோட்டைக்குப் போனோம். அயித்தைக்கு எண்பத்தைந்து வயது. கண் தெளிவு, காதுதான் மந்தம். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"அந்த வீட்ல எனக்கு ஒரு துரும்பும் கிடையாதுன்னுதானே கட்டிக் குடுத்தாக. இப்ப என் கையெழுத்து இல்லாம ஒரு தூணையும் கழட்ட முடியாதாக்கும்?"

"ஆமா அயித்தை."

"எனக்கு எம்புட்டு?"

எழுபத்தைந்தில் ஒன்று என்றேன். புரியவில்லை. நூற்றறுபது சதுர அடி என்றேன். அதுவும் புரியவில்லை. ஆச்சி குனிந்து அவர் காதருகே, "நம்ம அடுப்படி இருக்குல்ல அயித்தை, அதுல கொஞ்சம் குறைச்சு" என்றாள். அயித்தை தலையாட்டினார்.

வீட்டை விற்கிறோமே என்று அழுவார், கையெழுத்துப் போட மறுப்பார், அதைச் சாக்காக வைத்து நானும் மறுத்துவிடலாம் என்று உள்ளூர ஒரு நப்பாசை இருந்திருக்கிறது எனக்கு. அப்படி எதுவும் நடக்கவில்லை. அவர் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு, சொத்து விவரத்தை மட்டும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். முகப்பு, திண்ணை, தலைவாசல் நிலை, வளவு, தேக்குத்தூண், கருங்கல் தூண், பெல்ஜியக் கண்ணாடி. கடைசியில் 'பின்கட்டு வகையறா உள்பட'.

"அடுப்படி எங்க?"

வகையறாவில் அடக்கம் என்றேன்.

"அது என்ன வகையறா? ஆத்தா அறுபத்து மூணு வருஷம் நின்ன எடம். கோடி அடுப்பு ரெண்டு, கல்யாணத்துக்குன்னு வெட்டுன கோட்டையடுப்பு ஒண்ணு. ஆட்டுக்கல்லு ரெண்டு கெடக்கு, உரலு மூணு. எழுதச் சொல்லு தம்பி. எழுதிக் கொண்டா, போடறேன்."

அவற்றுக்கு விலை கிடையாது, வாங்குகிறவருக்கு அவை தேவையில்லை, அடுப்படிக் கூரையில் தேக்கே இல்லை என்றெல்லாம் விளக்கிப் பார்த்தேன். அயித்தை பேனாவை மூடியிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்று ஆச்சியிடம் கேட்கத் தொடங்கிவிட்டார்.

பேருந்தில் திரும்பும்போது ஆச்சியிடம் கேட்டேன். உனக்கு வீடு போவதில் வருத்தம் இல்லையா? அவள் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நீ லீவுக்கு வந்தா முகப்புல படுத்துக்கிட்டுப் படிப்பே. நான் வந்தா அப்பத்தாகூட வளவு கழுவுவேன். முப்பத்திரண்டு தூணு. அத்தனைக்கும் தேங்காயெண்ணெய் போட்டுத் தொடைக்கணும். எனக்கு எண்ணிக்கை பத்திரத்தைப் பாத்துத் தெரியவேண்டியதில்லை." சிறிது நேரம் கழித்து, "ஆனா அப்பத்தா இருந்திருந்தா நானும் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றாள்.

அந்த மூன்று நாளும் ஊர் வீட்டிலேயே தங்கினேன். ஆச்சி ஒரு நாள் இருந்துவிட்டுப் போனாள். ஒரு அளவு நாடாவும் நோட்டும் வாங்கிக்கொண்டு ஒவ்வொரு அறையாக அளந்தேன். எதற்கு என்று கேட்டால் சரியான காரணம் இல்லை. வளவு முற்றம் 24க்கு 18. எங்க 'வீடு' 11க்கு 10, உள்வீடு 11க்கு 8. தூணின் சுற்றளவு என் இரண்டு கைகளுக்குள் அடங்கவில்லை. அடுப்படி 18க்கு 10, நூற்றெண்பது. ஆச்சி கண்ணால் சொன்ன கணக்கு அவ்வளவு சரியாக இருந்தது. புகை படிந்த அந்தச் சுவரில் மட்டும் முட்டைப் பூச்சு கிடையாது, வெறும் சுண்ணாம்பு. புகை போகக் கூரையில் ஒரு சிறு திறப்பு. ஒரே ஒரு சன்னல், அதுவும் கொல்லையைப் பார்த்தது. இருநூறடி நேர்கோட்டில் ஓடும் அந்தப் புகழ்பெற்ற காற்று அடுப்படிக்குள் மட்டும் திரும்புவதில்லை. வாசல் பக்கவாட்டில் இருக்கிறது. அத்தனை கடல் கடந்து பொருள் சேர்த்தவர்கள், அத்தனை நுணுக்கமாகத் திட்டமிட்ட தச்சர்கள், இதை யோசிக்காமல் விட்டிருக்கமுடியாது. அடுப்படி முகப்பிலிருந்து தெரியக்கூடாது என்று யோசித்தே வைத்திருக்கிறார்கள்.

பத்திரத்தில் ஒரு வரி சேர்க்கவேண்டும் என்று அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். முதலில் கோபித்துக்கொண்டார். பிறகு சிரித்தார். வக்கீலுக்கு ஆட்சேபம் இல்லை. சித்திரையில் புதிய நகல் வந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில், கருங்கல் தூணுக்கும் பெல்ஜியக் கண்ணாடிக்கும் இடையில்: 'அடுப்படி 1, கோடியடுப்பு 2, கோட்டையடுப்பு 1, ஆட்டுக்கல் 2, உரல் 3.' அயித்தை அந்தப் பக்கத்தை மட்டும் தனியாக எடுத்து, கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எழுத்துக் கூட்டி, முழுப் பெயர். அதன் கீழே ஆச்சி. அதன் கீழே நான்.

பத்திரப்பதிவுக்கு முந்தைய நாள் காலை வீட்டைக் கடைசியாகப் பார்க்கப் போயிருந்தேன். வீடு பார்க்கும் அம்மா கோலம் போட்டு முடித்துவிட்டு, கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு படியோரம் வந்து நின்றார். அவர் பெயர் பதினெட்டுப் பக்கத்தில் எங்கும் இல்லை.

"மாசக் கடைசிவரைக்கும் கூட்டணுங்களா, இல்ல இன்னியோட போதுங்களா?"

அன்று தேதி ஒன்பது. மாசக் கடைசிவரைக்கும் என்று சொன்னேன்.